தரை கழுவுகிற டீகிரீசரும் இ.டி.பி.யில் இறங்காத மெட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியைச் சுற்றிப் பேட்டை, கங்கைகொண்டான், நாங்குநேரி பக்கம் இ.டி.பி.யில் (ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் நிலையம்) வேலை பார்க்கிற தம்பிகள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, நேற்று வரைக்கும் நன்றாக ஓடிய பிளான்ட், இன்றைக்கு மெட்டல் இறங்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: நேற்று எதை வைத்துக் கழுவினீர்கள்? இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வருகிறேன், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், மெட்டல் எப்படித்தான் இறங்குகிறது?

தண்ணீரில் கரைந்திருக்கிற செம்பு, துத்தநாகம், நிக்கல், குரோமியம் எதையும் வடிகட்டிப் பிடிக்க முடியாது. சுண்ணாம்போ காஸ்டிக்கோ (சோடியம் ஹைட்ராக்சைடு) போட்டு பிஎச்சை (அமில, கார அளவு) ஏற்றினால் அவை ஹைட்ராக்சைடாக மாறி, கரையாத தூளாகப் பிரியும். பிறகு பாலி (தூளைத் திரள வைக்கிற பாலிமர்) போட்டால் தூள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சு மாதிரி திரண்டு, கிளாரிஃபயரில் (தெளிய விடுகிற தொட்டி) அடியில் உட்காரும், ஃபில்டர் பிரஸ்ஸில் (பிழிந்து வடிக்கிற இயந்திரம்) கேக்காக வெளியே வரும். ஒவ்வொரு உலோகமும் நன்றாக இறங்குகிற பிஎச் வேறு. டிரைவேலன்ட் (மூன்று இணைதிறன் கொண்ட) குரோமியம் ஏறக்குறைய 7.5 முதல் 8.5, செம்பு 8.5 முதல் 9, துத்தநாகம் 9 முதல் 9.5, நிக்கல் 10ஐத் தாண்ட வேண்டும்.

உலோகம் தண்ணீரில் தனியாக இருக்கிறது என்று நம்பித்தான் இந்தக் கணக்கைப் போடுகிறோம். வேறு ஏதாவது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் பிஎச் மீட்டர் சரியாகக் காட்டும், சுண்ணாம்பு சரியாக விழும், ஆனால் மெட்டல் தண்ணீரோடேயே வெளியே போய்விடும்.

கழுவுகிற சோப்புக்கும் மெட்டலுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது என்பது உங்களுக்கே தெரியும், துணி துவைத்தால் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும். அந்தத் தண்ணீரிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற திரவம்), ஃப்ளோர் கிளீனர், டேங்க் கிளீனர் செய்கிறவர்கள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைக்க ஒரு பொருள் சேர்ப்பார்கள். அதில் பேர்போனது இ.டி.டி.ஏ. இந்த மாதிரிப் பொருட்களை கீலேட் என்பார்கள், நண்டின் கொடுக்கைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. செய்கிற வேலையும் அதேதான், உலோகத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும், ஹைட்ராக்சைடு ஆக விடாது.

கடினத் தண்ணீரின் கால்சியத்துக்காகப் போட்ட கொடுக்கு, பிளேட்டிங் (உலோகப் பூச்சு) தண்ணீரைப் பார்த்ததும் கால்சியத்தை விட்டுவிட்டு அங்கே இருக்கிற உலோகத்தைப் பிடிக்கும். கால்சியத்தைப் பிடிக்கிற பிடியைப் போல துத்தநாகத்தின் மேல் அதன் பிடி ஏறக்குறைய 6 லட்சம் மடங்கு, செம்பின் மேல் 10 கோடி மடங்குக்கும் அதிகம். நிக்கலும் அதே அளவுக்குப் பக்கத்தில்தான் வரும்.

இ.டி.டி.ஏ. மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். என்.டி.ஏ., குளுக்கோனேட், சிட்ரிக் ஆசிட், டிரைஎத்தனாலமைன், சோடியம் டிரைபாலிபாஸ்பேட், கூலிங் டவரில் போடுகிற பாஸ்போனேட், எல்லாம் கூடக்குறைய இதே வேலையைச் செய்யும். கண்ணாடி துடைக்கிற சில திரவங்களிலும் மெழுகு உரிக்கிற கிளீனர்களிலும் அமோனியா இருக்கும். செம்பு ஓடுகிற யூனிட்டில் சுண்ணாம்பு போட்ட பிறகும் மேல் தண்ணீர் கருநீலமாகவே நின்றால் அமோனியாவைச் சந்தேகப்படுங்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. நாம் மெட்டலை இறக்கப் பார்க்கிற 9, 10 பிஎச்சில்தான் அமோனியாவின் பிடியும் நன்றாக ஏறும்.

ஒரு கேன் கெமிக்கல் இவ்வளவு பெரிய டேங்கைக் கெடுத்துவிடுமா?

இதை நம்ப மாட்டேன் என்று சொன்னவர்கள்தான் அதிகம், அதனால் கணக்கே போட்டுவிடுவோம். 35 லிட்டர் கேனில் 3 சதவீதம் இ.டி.டி.ஏ. உப்பு இருந்தால் ஏறக்குறைய 1 கிலோ. கடையில் விற்கிற டைசோடியம் உப்பின் மூலக்கூறு எடை 372, துத்தநாகத்தின் அணு எடை 65. ஒன்றுக்கு ஒன்று என்றுதான் பிடிக்கும், ஆக 1 கிலோ உப்பு 175 கிராம் துத்தநாகத்தைப் பிடித்து வைக்க முடியும்.

உங்கள் கலெக்‌ஷன் டேங்க் (கழிவுநீர் வந்து சேருகிற தொட்டி) 20 கிலோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 175 கிராமை அதில் வகுத்தால் லிட்டருக்கு 8.8 மில்லிகிராம் வருகிறது. ஆறு, குளம், வாய்க்கால் மாதிரி நீர்நிலைகளில் விடுகிற தண்ணீருக்கு 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொது அளவு துத்தநாகத்துக்கு 5 மில்லிகிராம், செம்புக்கும் நிக்கலுக்கும் 3, மொத்தக் குரோமியத்துக்கு 2. (மாசு கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குக் கொடுத்த அனுமதி ஆணையில் இதைவிடக் கடுமையான அளவு இருந்தால் அதுதான் கணக்கு.) தண்ணீரில் உள்ள இரும்பும் கால்சியமும் இ.டி.டி.ஏ.வில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் 8.8 முழுசாக வராது. ஆனாலும் அளவை மீற அதில் பாதிக்குச் சற்று மேல் போதும், அதுவும் ஒரே ஒரு கேனில்.

பிஎச்சை இன்னும் ஏற்றினால் போதாதா அண்ணாச்சி?

போதாது. பல நேரம் நிலைமை இன்னும் மோசமாகும். இதில் நானே ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

திருநெல்வேலிக்கு வடக்கே ஒரு சின்ன ஜிங்க் பிளேட்டிங் யூனிட். திங்கட்கிழமை சாம்பிளில் மட்டும் துத்தநாகம் 7, 8 என்று வரும், புதன்கிழமைக்குத் தானாக இறங்கிவிடும். சுண்ணாம்பு பத்தவில்லை என்று நினைத்து டோசைக் கூட்டச் சொன்னேன், பிஎச் 11ஐத் தொட்டது, துத்தநாகம் முன்னைவிட ஏறியது. துத்தநாகம் இரண்டு பக்கமும் கரைகிற உலோகம், ஆசிட்டிலும் கரையும், காரம் மிஞ்சினாலும் ஜிங்கேட்டாக மாறித் திரும்பக் கரையும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் யோசிக்கவில்லை. பாலியை மாற்றினோம், சுண்ணாம்பு மூட்டையை மாற்றினோம், பிஎச் மீட்டரைக்கூட மாற்றினோம்.

கடைசியில் விடை சொன்னது அங்கே தரை கழுவுகிற அக்கா. "சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் புது மருந்து போட்டுல்லா கழுவுதோம், பழைய சோப்பாயிலை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சே" என்றார். பர்ச்சேஸில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வேறு டீகிரீசர் வாங்கியிருந்தார்கள், இ.டி.பி.யில் ஒருவருக்கும் தகவல் இல்லை. சனிக்கிழமை கழுவின தண்ணீர் ஞாயிறு முழுக்கத் தொட்டியில் ஊறி, திங்கட்கிழமை பம்ப் போட்டதும் வந்திருக்கிறது. டீகிரீசரை மாற்றிய அடுத்த திங்கட்கிழமையே அளவு இறங்கியது. அந்த அக்காவிடம் முதல் வாரமே கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம். அவர்கள் ஒரு மாதம் அளவு மீறிய தண்ணீரை வெளியே விட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கீலேட்டா, வேறு கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பெரிய லேப் வேண்டியதில்லை. சுத்திகரித்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுங்கள். ஒன்றை அப்படியே கொடுங்கள், இன்னொன்றை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்துக் கொடுங்கள். சாதாரண வடிதாள் வேண்டாம், நுண்ணிய தூள் அதில் நழுவிவிடும். வடித்த பிறகுதான் ஆசிட் சேர்க்க வேண்டும், முன்னாடியே சேர்த்தால் தூளெல்லாம் கரைந்து சோதனையே வீண்.

வடித்ததில் மெட்டல் நன்றாகக் குறைந்திருந்தால் உலோகம் தூளாக மாறிவிட்டது, உட்காரத்தான் இல்லை. அப்போது சோப்பு, நுரை, பாலி, கிளாரிஃபயர் வேகம் என்று பாருங்கள். வடித்ததிலும் குறையவில்லை என்றால் உலோகம் கரைந்தே நிற்கிறது. பிஎச் சரியாக இருந்தும் அப்படி நின்றால் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், கீலேட்தான். இந்த ஒரு சோதனை செய்யாமல் டோசிங்கில் கை வைக்காதீர்கள். நான் அந்த ஒரு மாதம் செய்யத் தவறியது இதைத்தான்.

கூடவே இன்னொன்று. அந்த வாரம் கழுவிய கெமிக்கலில் கொஞ்சம், கழுவாத நாளின் கழிவுநீரில் உங்கள் ஆலையில் ஓடுகிற அதே விகிதத்தில் கலந்து ஒரு ஜார் டெஸ்ட் (சின்ன ஜாரில் மருந்து போட்டுப் பார்க்கிற சோதனை), கலக்காமல் ஒரு ஜார் டெஸ்ட். இரண்டு ஜாரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மேனேஜரிடம் அரை மணி நேரம் பேச வேண்டிய தேவை இருக்காது.

சோப்பாயிலில் இ.டி.டி.ஏ. இல்லை என்கிறார்கள், அது பரவாயில்லையா?

கீலேட் தொல்லை இல்லை, ஆனால் வேறு தொல்லை உண்டு. உள்ளூர் சோப்பாயில் பெரும்பாலும் ஆசிட் ஸ்லரியில் (சோப்புத்தூளுக்குப் போடுகிற சல்ஃபோனிக் ஆசிட்) செய்வது. அது தூளின் மேல் போய் ஒட்டி, ஒன்றோடொன்று சேர விடாமல் தள்ளி வைக்கும். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலக்கும், எண்ணெய்த் துளி தூளை மேலே தூக்கும், கிளாரிஃபயரில் உட்கார வேண்டியது மிதக்கும். கேட்டியானிக் (நேர் மின்னேற்றம் கொண்ட) பாலி போடுகிற இடத்தில் பாலியைச் சோப்பே தின்றுவிடும். இங்கே உலோகம் தூளாக இருப்பதால் வடித்தால் ஃபில்டரில் நின்றுவிடும், அதனால் கொஞ்சம் எளிது: சோப்பு அளவைக் குறைப்பது, எண்ணெயை முன்னாடியே தனியாக எடுப்பது, ஜார் டெஸ்ட் பார்த்து ஃபெர்ரிக் குளோரைடோ படிகாரமோ கொஞ்சம் கூட்டுவது.

கிருமிநாசினி என்று வருகிற பென்சால்கோனியம் வகை இதற்கு நேர் எதிர், அது ஆனியானிக் (எதிர் மின்னேற்றம் கொண்ட) பாலியோடு சண்டை போடும், பின்னாடி பயோ டேங்க் இருந்தால் அங்கே இருக்கிற பாக்டீரியாவையும் கொல்லும்.

பிளீச்சிங் பவுடர், ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போட்டுக் கழுவலாமா?

குரோம் ஓடுகிற யூனிட் என்றால் இந்தப் பதிலை இரண்டு தடவை வாசியுங்கள். ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிறன் கொண்ட) குரோமியத்தை ஆசிட் போட்டு பிஎச் 2, 3க்கு இறக்கி, மெட்டாபைசல்பைட் சேர்த்து டிரைவேலன்ட்டாக மாற்றி, அப்புறம் சுண்ணாம்பு போட்டு இறக்குகிறோம். ஹைப்போ அந்த மெட்டாபைசல்பைட்டை முதலில் காலி செய்யும். அதைவிட மோசம், காரத் தண்ணீரில் ஹைப்போ டிரைவேலன்ட் குரோமியத்தைத் திரும்ப ஹெக்ஸாவேலன்ட்டாக மாற்றும். பாடுபட்டு மாற்றியது கழிவறை கழுவின தண்ணீரால் பழையபடி ஆகிவிடும், சுண்ணாம்பு எவ்வளவு போட்டாலும் அது இறங்காது. ஹெக்ஸாவேலன்ட்டுக்குப் பொது அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். வெளியே போகிற தண்ணீர் லேசாக மஞ்சளாகத் தெரிந்தாலே அளவை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

உயிர் விஷயம் ஒன்று. ஹைப்போவும் பாத்ரூம் ஆசிட்டும் ஒரே குழியில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மெட்டாபைசல்பைட்டோடு ஆசிட் மிஞ்சினால் சல்பர் டையாக்சைடு வரும். மூடிய குழிக்குள் இறங்கிக் கழுவுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆசிட் மட்டும் போட்டுக் கழுவினால்?

ஆசிட்டைச் சுண்ணாம்பு சமன் செய்துவிடும், அது பெரிய தலைவலி இல்லை. தரையில் கிடக்கிற உலோகத் தூளையும், கலெக்‌ஷன் டேங்கில் பழைய வண்டல் இருந்தால் அதையும் ஆசிட் கரைத்துக் கொண்டுவரும், அன்றைக்கு மெட்டல் லோடு திடீரென்று ஏறும். மொத்தமாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சமாளிக்கலாம்.

எங்கள் ஹவுஸ்கீப்பிங் சுத்தம், ஆனாலும் இதே பிரச்சினை. வேறு எங்கே பார்க்க?

உங்கள் ஆர்.ஓ.வைப் பாருங்கள். மெம்பிரேன் கழுவுவதற்குச் சிட்ரிக் ஆசிட் ஒரு நாள், காஸ்டிக்கோடு இ.டி.டி.ஏ. ஒரு நாள் என்று ஓட்டுவீர்கள், அந்தத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? பல இடங்களில் நேராகக் கலெக்‌ஷன் டேங்குக்குத்தான் போகிறது. 1,000 லிட்டர் கழுவின தண்ணீரில் 2 சதவீதம் சிட்ரிக் என்றால் 20 கிலோ. இ.டி.பி.யைக் கெடுப்பது இ.டி.பி. ஆட்களேதான் என்று தெரியவரும்போது யாருக்கும் முகம் சுருங்கும், பரவாயில்லை, கண்டுபிடித்ததே பெரிது. பாய்லர் டீஸ்கேலிங்கும் (உள்ளே படிந்த உப்பை எடுப்பது) இப்படித்தான். பிளேட்டிங் லைனில் முதல் தொட்டியாக இருக்கிற சோக் கிளீனரையும் (பொருளை ஊறவைத்து எண்ணெய் எடுக்கிற தொட்டி) பாருங்கள், மாதக் கடைசியில் அந்தத் தொட்டியை மொத்தமாகக் கொட்டுகிற நாளும் சாம்பிள் கெடுகிற நாளும் ஒத்துப்போகிறதா என்று ரிஜிஸ்டரில் தெரிந்துவிடும்.

சரி, பிடித்து வைத்துவிட்டது. எப்படி விடுவிப்பது?

முதல் வழி, கலக்காமல் இருப்பது. கழுவின தண்ணீரைத் தனி டிரம்மிலோ டேங்கிலோ பிடித்து வையுங்கள். 500 லிட்டரைச் சரிசெய்வது ஒரு மத்தியான வேலை, 20,000 லிட்டரில் கலந்த பிறகு அது ஒரு வார வேலை.

பிடித்து வைத்த தண்ணீரை ஆசிட் போட்டு பிஎச் 2.5, 3க்கு இறக்குங்கள். அந்த அளவில் கொடுக்கின் பிடி தளரும். அப்போது ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்துக் கலக்கிவிடுங்கள். இ.டி.டி.ஏ.வுக்குச் செம்பைவிட ஃபெர்ரிக் இரும்பின் மேல் பிடிப்பு பல லட்சம் மடங்கு அதிகம், அதனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு செம்பை விடும். அரை மணி நேரமாவது விடுங்கள், நிக்கல் இன்னும் மெதுவாகத்தான் வெளியே வரும். அதற்குப் பிறகு ஏற்றும்போது காஸ்டிக் வேண்டாம், சுண்ணாம்பு. காரணம் உண்டு. பிஎச் ஏற ஏற இரும்பு தானும் ஹைட்ராக்சைடாகிக் கீழே போகும், கொடுக்கு திரும்பக் காலியாகும். அந்த நேரத்தில் அதைச் சுற்றிக் கால்சியம் ஏராளமாக இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். காஸ்டிக் போட்டால் அந்தக் கால்சியம் கிடையாது, விட்ட செம்பையே திரும்பப் பிடிக்கும். செம்புக்கு ஃபெர்ரஸ் சல்பேட்டும் நல்ல மருந்து, அது செம்பின் நிலையையே மாற்றி கொடுக்குக்குப் பிடி கிடைக்காமல் செய்யும். எவ்வளவு போடுவது என்பதை ஜார் டெஸ்ட்தான் சொல்லும், நான் போனில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இரும்பு போடப் போட ஸ்லட்ஜும் (வண்டல்) கூடும், அதையும் 2016ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படிதான் கணக்கு வைத்து அனுப்ப வேண்டும்.

அமோனியா பிடித்திருந்தால் இரும்பு வேலைக்கு ஆகாது, சல்பைடு வகைதான் கைகொடுக்கும்.

சல்பைடு, டி.டி.சி. எல்லாம் போடலாமா? சப்ளையர் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார்.

சரியாகும், உண்மைதான். சல்பைடோடு சேர்ந்த உலோகம் ஹைட்ராக்சைடைவிட மிகக் குறைவாகவே கரையும், பல கீலேட்டுகளின் பிடியிலிருந்தும் உருவிக்கொண்டு வரும். டி.டி.சி. என்கிற டைதயோகார்பமேட்டும் அப்படியே. ஆனால் சோடியம் சல்பைடு ஆசிட் தண்ணீரில் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, ஆளைக் கொல்லும். பிஎச் காரமாக இருப்பதைப் பார்க்காமல் வால்வைத் திறக்கவே கூடாது.

டி.டி.சி.யின் ஆபத்து வேறு மாதிரி. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு ஆலையிலிருந்து மெட்டலை இறக்கப் போட்ட இந்த வகைக் கெமிக்கல் மிஞ்சிப் போய், ஒயிட் ஆற்றில் லட்சக்கணக்கான மீன்கள் செத்தன. மெட்டல் இறங்கியிருந்தாலும் இறக்கிய மருந்தே ஆற்றைக் கொன்றது. கங்கைகொண்டான் பக்கத்து ஓடைத் தண்ணீர் சிற்றாற்றுக்குப் போகும், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும், அதற்குக் கீழே அந்த ஆற்றை நம்பித்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள். டி.டி.சி. போடுவதென்றால் மீதி தங்காத அளவை ஜார் டெஸ்ட்டில் முடிவு செய்துவிட்டுப் போடுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். கீலேட் உள்ளே வருவதை நிறுத்த முடிகிற இடத்தில் டி.டி.சி. வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இயற்கைக்கு உகந்தது, மக்கிப் போகும் என்று போட்ட கிளீனர் பாதுகாப்பா?

ஜி.எல்.டி.ஏ., எம்.ஜி.டி.ஏ. என்று வருகிற கீலேட்டுகள் மண்ணிலும் ஆற்றிலும் இ.டி.டி.ஏ.வைவிடச் சீக்கிரம் மக்கும், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் உங்கள் டேங்கில் அது நிற்பது சில மணி நேரம், அதற்குள் மக்காது, அந்த நேரம் முழுக்க உலோகத்தைப் பிடித்துத்தான் வைத்திருக்கும். சிட்ரிக்கும் அப்படியே, எலுமிச்சம்பழத்தில் இருப்பதுதானே என்று விட்டுவிட முடியாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். "கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்", "இரும்புக் கறை நீக்கும்" என்று கேனில் போட்டிருந்தால் கீலேட் இருக்க வாய்ப்பு அதிகம். தாளில் எல்லாப் பொருளும் வந்துவிடாது, அதனால் கீலேட்டும் அமோனியாவும் கிடையாது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குவது நல்லது. அதற்கப்புறம் ஜார் டெஸ்ட். பர்ச்சேஸ் ஆர்டரில் இ.டி.பி. ஆபரேட்டர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கிளீனரும் கேட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு விதி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். கழுவுகிற அக்காமார்களுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள், சொன்னால் அவர்கள்தான் முதலில் வந்து "மருந்து மாறியிருக்கு தம்பி" என்று தகவல் கொடுப்பார்கள்.

பழைய டீகிரீசர் 4 கேன் மிச்சம் இருக்கிறது, அதை என்ன செய்ய?

சீல் உடைக்காதது என்றால் சப்ளையரிடம் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். உடைத்தது என்றால் கேனில் பெரிசாகப் பெயர் எழுதித் தனியாகப் பூட்டி வையுங்கள். உபயோகித்தே ஆக வேண்டுமென்றால் கழுவின தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலெக்‌ஷன் டேங்குக்குப் போகாமல் டிரம்மில் பிடித்து, மேலே சொன்ன மாதிரி ஆசிட், இரும்பு, சுண்ணாம்பு பார்த்து, வடித்துச் சோதித்துவிட்டு விடுங்கள். ராத்திரியில் பின்பக்கத்து ஓடையில் ஊற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.